ஆகாயத்துக்கு ஒரு பாஷை

சென்ற வாரம் ஒரு ராத்திரி, பரவையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்திருந்தேன். கரண்ட் போயிருந்தது. பக்கத்தில் பேரன். நாகமலைப் பக்கம் ஒரு விளக்கு மெல்ல நகர்ந்து போனது. பேரன் கைபேசியை மேலே நீட்டினான். "தாத்தா, அது சிங்கப்பூரிலிருந்து ஜித்தா போகுது. முப்பத்தாறாயிரம் அடி உயரம்" என்றான்.

நமது மதுரை விமான நிலையம் ஊருக்குத் தெற்கே, பெருங்குடிப் பக்கம் இருக்கிறது. அங்கே இறங்கும் விமானத்தைப் பற்றிச் சொல்லியிருந்தால்கூட ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன். இது நம் ஊரில் இறங்காமல், நம் தலைக்கு மேலே யாரையும் கேட்காமல் போகிற விமானம். அதன் ஊர், பேர், உயரம் எல்லாம் இந்தப் பிள்ளையின் கைபேசிக்கு எப்படித் தெரிகிறது?

"அதுவே சொல்லுது தாத்தா" என்றான். சொல்லிவிட்டுத் தூங்கியும் போனான். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. 1996-ஆம் வருஷத்து ஐப்பசி மாதம் ஒன்று ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அதைச் சொல்வதற்கு முன் கொஞ்சம் பழைய கதையும் சொல்ல வேண்டும். வாசக நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

விமானங்கள் வந்த புதிதில் ஆகாயத்தில் வழி என்று ஒன்று கிடையாது. விமானி கீழே குனிந்து பார்ப்பார். சாலை, ரயில் தண்டவாளம், ஆறு, இவைதான் அவருக்கு வழி. 1922 ஏப்ரல் 7-ஆம் தேதி வடக்குப் பிரான்சில் மூடுபனி. லண்டனுக்குப் பக்கத்தில் உள்ள கிராய்டனிலிருந்து பாரிசுக்கு ஒரு விமானம், பாரிசிலிருந்து கிராய்டனுக்கு ஒரு விமானம். இரண்டு பேரும் ஒரே சாலையைப் பார்த்துக்கொண்டே எதிரெதிரே வந்து மோதினார்கள். ஏழு பேர் இறந்தார்கள். பயணிகள் விமானங்கள் இரண்டு வானத்தில் மோதிக்கொண்டது அதுதான் முதல் தடவை. திண்டுக்கல் ரோட்டில் இரண்டு பஸ் எதிரெதிரே வந்தால் ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுங்குவார்கள். ஆகாயத்திலும் அப்படி ஒரு விதி வேண்டும் என்பதை அந்த விபத்து அழுத்தமாக உணர்த்தியது.

அதே கிராய்டன் நிலையத்தில்தான் ஃபிரெடரிக் மாக்ஃபோர்டு என்ற ரேடியோ அதிகாரி இருந்தார். ஆபத்தில் இருக்கும் விமானி வானொலியில் கூப்பிட ஒரு சொல் வேண்டும் என்று 1920-களில் அவரைக் கேட்டார்கள். அங்கே போக்குவரத்தில் பெரும்பகுதி பாரிசுக்கும் கிராய்டனுக்கும் இடையில்தான். ஆங்கிலேயனுக்கும் பிரெஞ்சுக்காரனுக்கும் ஒன்றாகப் புரிய வேண்டும். அவர் கொடுத்த சொல் 'மேடே'. பலர் இதை மே மாதத்து நாள் என்று நினைக்கிறார்கள். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் ஒரு சின்னப் பெருமையோடு சொல்கிறேன்: அது 'மெதே', அதாவது 'எனக்கு உதவுங்கள்' என்ற பிரெஞ்சு. அடுத்த நிலை அவசரத்துக்கு 'பான் பான்' என்பார்கள். பிரெஞ்சில் வண்டி பழுதாகி நின்றால் அதற்குப் பெயர் 'பான்'.

ஆக, ஆகாயத்தில் முதல் பிரச்சினையே பாஷைதான். எவ்வளவு நல்ல கருவி இருந்தாலும், சொல்கிறவரும் கேட்கிறவரும் ஒரே பாஷையில் இருக்க வேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க இந்த ஒரு விஷயம்தான்.

வானொலி வந்த பிறகும் வெகுகாலம், விமானி வாயால் சொல்வதுதான் தரையில் இருப்பவருக்குத் தெரியும். "இந்த ஊரைத் தாண்டிவிட்டேன், இத்தனை அடி உயரத்தில் இருக்கிறேன்" என்பார். இவர் காகிதத் துண்டில் எழுதி வைத்துக்கொள்வார். விமானி தப்பாக நினைத்திருந்தால் தரையில் இருப்பவரும் தப்பாகத்தான் நினைப்பார். 1971 டிசம்பர் 9-ஆம் தேதி நமது மதுரைக்கு இறங்கி வந்துகொண்டிருந்த இந்தியன் ஏர்லைன்ஸ் ஆவ்ரோ விமானம் சின்னமனூர்ப் பக்கம் மலையில் மோதியதை இந்தப் பகுதிப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 21 பேர் இறந்தார்கள்.

இரண்டாம் உலகப் போர்தான் ரேடாரைக் கொண்டுவந்தது. ரேடார் இரண்டு வகை. ஆபீஸ் பாஷையில் சொல்கிறேன். முதல் வகை, ஹாலுக்குள் எட்டிப் பார்த்து, 'நாற்காலியில் யாரோ இருக்கிறார்' என்று குறித்துக்கொண்டு போகிற மேனேஜர். இருக்கிறவர் யார், எந்த செக்‌ஷன் என்று அவருக்குத் தெரியாது. திரையில் ஒரு புள்ளி தெரியும், அவ்வளவுதான். எந்தத் திசை, எவ்வளவு தூரம் என்று தெரியும். உயரம் தெரியாது.

இரண்டாம் வகை, கேள்வி கேட்கிற மேனேஜர். தரையிலிருந்து 1030 மெகாஹெர்ட்சில் "நீ யார்?" என்று கேள்வி போகும். விமானத்தில் உள்ள டிரான்ஸ்பாண்டர் என்ற பெட்டி 1090 மெகாஹெர்ட்சில் பதில் சொல்லும். நாலு இலக்க எண் ஒன்று, கூடவே உயரம். அந்த எண்ணில் 0 முதல் 7 வரைதான் வரும். ஆக மொத்தம் 4,096 எண்கள். 7700 என்றால் ஆபத்து, 7600 என்றால் வானொலி பழுது, 7500 என்றால் கடத்தல். போரில் நம் விமானமா எதிரி விமானமா என்று அறியப் பிறந்த ஏற்பாடு இது.

இனி 1996-க்கு வருகிறேன்.

என் தங்கையை மேலூர்ப் பக்கம் கொடுத்திருந்தோம். அவள் மூத்த மகன் சவூதியில் தம்மாமில் எலெக்ட்ரீஷியன். லீவில் வந்திருந்தான். அந்த வருஷம் தீபாவளி நவம்பர் 10. ஏஜெண்ட் அவனுக்கு டில்லியிலிருந்து டிக்கெட் போட்டிருந்தார். அதனால் தீபாவளிக்குக்கூட வீட்டில் இருக்காமல் ரயில் ஏறிவிட்டான். "செவ்வாயோ புதனோ ஏறுவேன் மாமா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

12-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை. டில்லியிலிருந்து தஹ்ரானுக்குப் புறப்பட்ட சவூதி விமானம் ஒன்று ஹரியானாவில் சர்க்கி தாத்ரி என்ற ஊருக்கு மேலே கசாக்ஸ்தான் விமானத்தோடு மோதிவிட்டது என்று செய்தி வந்தது. தம்மாம் போகிறவர்கள் அப்போது தஹ்ரான் விமான நிலையத்தில்தான் இறங்குவார்கள். சவூதி விமானத்தில் 312 பேர், மற்றதில் 37 பேர். 349 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. வானத்தில் விமானங்கள் மோதிக்கொண்ட விபத்துகளில் உலகத்திலேயே பெரியது இன்றுவரை அதுதான். இறந்தவர்களில் நிறையப் பேர் வளைகுடாவில் கூலிவேலைக்குப் போன நம் நாட்டுப் பிள்ளைகள்.

அந்த இரண்டு நாளைப் பற்றி அதிகம் எழுத மனம் வரவில்லை. தங்கை தெருவில் இருந்த எஸ்.டி.டி. பூத் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். அவன் ஏறியது செவ்வாயா புதனா என்று கேட்க எங்களுக்கு ஒரு நம்பர்கூட இல்லை. வியாழக்கிழமை மத்தியானம் பூத்துக்கு போன் வந்தது. அவன் புதன்கிழமை வேறு விமானத்தில் போய்ச் சேர்ந்திருந்தான். டில்லி லாட்ஜில் அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்த வடநாட்டுக்காரர் ஒருவர் செவ்வாய்க்கிழமை ஏறியவர். முதல் நாள் ராத்திரி பாரம் நிரப்ப இவனுடைய பேனாவை வாங்கியிருக்கிறார். "பேனா அவர்கிட்டயே போயிடுச்சு மாமா" என்றான். அதற்கு மேல் அவனால் பேச முடியவில்லை.

விபத்தை விசாரிக்க நீதிபதி லகோட்டி தலைமையில் கமிஷன் அமைத்தார்கள். என்ன நடந்தது என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். டில்லியில் விமானப் படைக்கு ஒதுக்கியது போக, வருகிற விமானத்துக்கும் போகிற விமானத்துக்கும் ஒரே பாதைதான் இருந்தது. ஏறுகிற சவூதி விமானத்துக்கு 14,000 அடி, இறங்குகிற கசாக் விமானத்துக்கு 15,000 அடி என்று உத்தரவு. நடுவில் 1,000 அடி இடைவெளி. கசாக் விமானம் 15,000-த்தில் நிற்காமல் கீழே இறங்கிவிட்டது.

டில்லி கட்டுப்பாட்டு அறையில் அப்போது வேலை செய்துகொண்டிருந்தது முதல் வகை ரேடார். புள்ளி தெரியும், உயரம் தெரியாது. உயரம் காட்டும் புது ரேடாரை வாங்கியாயிற்று, ஆனால் உபயோகத்துக்கு வரவில்லை. மேலேயும் ஒரு சங்கடம். கசாக் விமானத்தில் டில்லியோடு பேசியவர் விமானி அல்ல. தனியாக ரேடியோ ஆபரேட்டர் ஒருவர் இருந்தார். அவர் முன்னால் உயரம் காட்டும் கருவி கிடையாது. விமானிகளின் தோளுக்கு மேலே எட்டித்தான் பார்க்க வேண்டும். அவர்கள் நாட்டுப் பழக்கம் மீட்டர், டில்லி சொல்வது அடி. பேசுவதோ அவர்களுக்குச் சரளமில்லாத ஆங்கிலம்.

இந்த மீட்டர் விஷயம் எனக்கு நன்றாகப் புரியும். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சுக்காரன் மீட்டரைத்தான் படித்தேன். வேலைக்கு வந்தால் பழைய பைல்களில் எல்லாம் அடியும் கெஜமும். மனசுக்குள் பெருக்கி வகுத்துத்தான் எழுதுவேன். நான் தப்புப் பண்ணினால் சூப்பிரண்டெண்ட் சிவப்பு மையில் சுழிப்பார். ஆகாயத்தில் சுழித்துத் திருத்த நேரம் ஏது?

கடைசி நொடியில் அந்த ரேடியோ ஆபரேட்டர்தான் உயரம் குறைந்ததைப் பார்த்து, மேலே ஏறச் சொல்லியிருக்கிறார். விமானியும் ஏற்றினார். அந்த ஏற்றத்தில்தான் மோதியது. ஏறாமல் இருந்திருந்தால் கீழே தப்பிப் போயிருக்கலாம் என்கிறார்கள்.

இரண்டு விமானத்திலும் டிகாஸ் என்ற கருவி இல்லை. இதை விளக்கிவிட்டால் பேரன் சொன்னது புரிந்துவிடும். தரையை நம்பாமல் விமானமும் விமானமும் தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்வது டிகாஸ். அதே 1030-இல் ஒன்று கேட்கும், அதே 1090-இல் மற்றது பதில் சொல்லும். நெருங்கினால் "நீ ஏறு, நான் இறங்குகிறேன்" என்று தாங்களே முடிவு செய்து விமானிகளுக்குச் சொல்லும். 1986-இல் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் செரிட்டோஸ் என்ற ஊரில் நடந்த மோதலில் 82 பேர் இறந்த பிறகு அமெரிக்கா சட்டம் போட்டு இதைக் கட்டாயமாக்கியது. இந்தியா சர்க்கி தாத்ரிக்குப் பிறகு கட்டாயமாக்கியது. ஒவ்வொரு நாடும் தன் பிணங்களை எண்ணிய பிறகுதான் கையெழுத்துப் போட்டது.

கருவி வந்ததோடும் தீரவில்லை. 2002 ஜூலை 1 ராத்திரி ஜெர்மனியில் யூபர்லிங்கன் என்ற ஊருக்கு மேலே ரஷ்ய விமானம் ஒன்றுக்கு டிகாஸ் "ஏறு" என்றது, தரையிலிருந்த அதிகாரி "இறங்கு" என்றார். விமானி அதிகாரி பேச்சைக் கேட்டார். எதிரே வந்த சரக்கு விமானம் டிகாஸ் பேச்சைக் கேட்டு இறங்கியது. 71 பேர் போனார்கள், அதில் பெரும்பாலும் குழந்தைகள். ஒரே பைலுக்கு இரண்டு மேலதிகாரிகள் இரண்டு உத்தரவு போட்டால் என்ன ஆகும் என்று என்னைப் போன்ற குமாஸ்தாக்களுக்குத் தெரியும். டிகாஸ் சொல்வதே இறுதி என்ற விதி அதன் பிறகுதான் உலகம் முழுக்க உறுதியானது.

இந்தச் சமயத்தில்தான் அடுத்த யோசனை வளர்ந்துகொண்டிருந்தது. விமானத்துக்கு ஜிபிஎஸ் மூலம் தன் இடம் துல்லியமாகத் தெரிகிறது. கேள்வி கேட்டுப் பதில் வாங்குவானேன்? விமானமே ஓயாமல் தன் பேர், இடம், உயரம், வேகம் சொல்லிக்கொண்டே போகட்டுமே! இதற்குப் பெயர் ஏ.டி.எஸ்.-பி. யோசனையில் சண்டை இல்லை. எந்த அலைவரிசையில், எந்த முறையில் சொல்வது என்பதில்தான் சண்டை. மூன்று கட்சிகள் இருந்தன. எங்கள் பரவை காய்கறி மார்க்கெட்டை வைத்தே சொல்கிறேன்.

முதல் கட்சி, சுவீடன். ஹோக்கன் லான்ஸ் என்பவருடைய யோசனையில் வந்த வி.டி.எல். மோட் 4. இது டோக்கன் முறை. ஒரு நிமிஷத்தை 4,500 சின்னத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு விமானமும் தனக்கு ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, "அடுத்து இந்தத் துண்டில் பேசுவேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிடும். டோக்கன் கொடுக்க ஆபீசர் தேவையில்லை, வரிசை தானாக அமையும். படித்தபோது எனக்கே ஆசையாக இருந்தது. எவ்வளவு ஒழுங்கு!

இரண்டாம் கட்சி, அமெரிக்காவின் யு.ஏ.டி. பழைய மார்க்கெட் நெரிசலே வேண்டாம், ஊருக்கு வெளியே புதுக் கட்டடம் கட்டிக்கொள்வோம் என்பது போல. 978 மெகாஹெர்ட்சில் தனி இடம். அங்கே சின்ன விமானக்காரர்களுக்கு வானிலைத் தகவலும் கிடைக்கும். அலாஸ்காவின் மலைகளுக்கு நடுவே பறக்கும் சிறு விமானங்களில் வைத்து நன்றாகவே சோதித்துப் பார்த்தார்கள்.

மூன்றாம் கட்சி, பழைய 1090. இதில் டோக்கனும் இல்லை, வரிசையும் இல்லை. விடியற்காலை மண்டியில் ஏலம் போடுகிற மாதிரிதான். நொடிக்கு இரண்டு தடவை தன் இடத்தைக் கத்த வேண்டியது. இன்னொருவர் குரலோடு மோதிக் காதில் விழாவிட்டால் அடுத்த தடவை விழும். அதே இடத்தில் ரேடார் பதில்களும் டிகாஸ் பேச்சும் வேறு ஓடுகின்றன. ஒரே இரைச்சல்.

ஜெயித்தது எது தெரியுமா? இரைச்சல்தான்.

2003 செப்டம்பர், அக்டோபரில் கனடாவின் மான்ட்ரியலில் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பின் மாநாடு கூடியது. உலகம் முழுக்க முதலில் 1090-ஐயே வைத்துக்கொள்வோம் என்று பரிந்துரைத்தார்கள். காரணம் எளிது. டிகாஸ் கட்டாயம் என்ற சட்டத்தால் பெரிய விமானங்களில் எல்லாம் 1090-இல் பேசும் பெட்டி ஏற்கெனவே ஏறியிருந்தது. அதில் கொஞ்சம் மாற்றம் செய்தால் போதும். மற்றது என்றால் புதுப் பெட்டி, புது ஆன்டெனா, புதுச் செலவு. பேசுவதற்கு நாலு பேர் ஏற்கெனவே இருக்கிற பாஷையைத்தான் ஐந்தாவது ஆளும் கற்றுக்கொள்வான். இலக்கணம் அழகாக இருக்கிறது என்பதற்காக யாரும் கற்பதில்லை. பிரெஞ்சு படித்துவிட்டு மதுரையில் வேலை பார்த்தவன் சொல்கிறேன், நம்பலாம்.

அமெரிக்கர்கள் மட்டும் இரண்டையும் வைத்துக்கொண்டார்கள். 18,000 அடிக்கு மேல் 1090 கட்டாயம், கீழே யு.ஏ.டி.யும் இருக்கலாம். 2020 ஜனவரி 1 முதல் அங்கே அது சட்டம். ஆனால் ஒன்று பேசுவது மற்றதுக்குப் புரியாதே? அதற்காகத் தரை நிலையங்கள் ஒரு பாஷையில் வாங்கி மறு பாஷையில் திருப்பிச் சொல்கின்றன. எங்கள் புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை பார்த்த துபாஷி உத்தியோகம் இன்று அமெரிக்க ஆகாயத்தில் நடக்கிறது!

தோற்ற சுவீடன்காரர் முறை என்ன ஆயிற்று? அதுதான் இதில் சுவாரசியம். ஆகாயத்தில் இடம் கிடைக்காத அந்த டோக்கன் முறை கடலுக்கு இறங்கிவிட்டது. கப்பல்கள் தங்கள் பேரையும் இடத்தையும் சொல்லும் ஏ.ஐ.எஸ். என்ற கருவி அதே அடிப்படையில்தான் வேலை செய்கிறது. பெரிய கப்பல்களுக்கு 2004 முடிவுக்குள் அது கட்டாயமாயிற்று. இன்று தூத்துக்குடிக்கு வருகிற ஒவ்வொரு சரக்குக் கப்பலும் வரிசையில் நின்று பேசுகிறது. கடலில் பழைய பெட்டி எதுவும் இல்லை. காலி மனையில் யார் முதலில் வீடு கட்டினாலும் அது நிற்கும்.

இந்தியாவிலும் விமான நிலைய ஆணையம் இருபதுக்கும் மேற்பட்ட இடங்களில் ஏ.டி.எஸ்.-பி கேட்கும் நிலையங்களை வைத்தது. மலைக்குப் பின்னாலும், ரேடார் எட்டாத இடத்திலும் இப்போது காது இருக்கிறது. நடுக்கடலில்? 2019 முதல் இரிடியம் செயற்கைக்கோள்கள் மேலிருந்தே கேட்கின்றன.

விமானம் கத்துவதற்குப் பூட்டு இல்லை. சின்ன ஆன்டெனா வைத்திருக்கும் யாரும் கேட்கலாம். ஊர் ஊராக ஆர்வலர்கள் அப்படிக் கேட்டு இணையத்தில் சேர்க்கிறார்கள். அதுதான் பேரன் கைபேசிக்கு வருகிறது. அதில் பிரபலமான செயலியைத் தொடங்கியவர்களும் சுவீடன்காரர்கள்தான் என்பது இன்னொரு வேடிக்கை.

பூட்டு இல்லாததில் ஆபத்தும் உண்டு. பொய்யாகவும் கத்தலாம். போர் நடக்கும் இடங்களைச் சுற்றி ஜிபிஎஸ்ஸையே ஏமாற்றுகிறார்கள். தன் இடம் தனக்கே தப்பாகத் தெரிந்தால் விமானம் அந்தத் தப்பைத்தான் உலகத்துக்குச் சொல்லும். 1971-இல் விமானி வாயால் சொன்னதை மட்டும் நம்பிய காலத்துக்கே திரும்பிய மாதிரி. அதனால்தான் பழைய ரேடார்களை மொத்தமாக மூடிவிடாமல் வைத்திருக்கிறார்கள். அது நல்லது. அவன் சொல்வதையும் கேட்கணும், எட்டிப் பார்க்கவும் செய்யணும்.

மறுநாள் காலையில் மேலூருக்கு போன் போட்டேன். மருமகன் இப்போது ஊரோடு வந்துவிட்டான். தலை நரைத்துவிட்டது. அவனிடம் இந்த 1090 கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். கடைசியில், "அன்னைக்கு ரெண்டு பிளேன்லயும் இந்தப் பெட்டி இருந்திருந்தா மாமா?" என்றான்.

"ஒன்றை ஒன்று கூப்பிட்டிருக்கும்பா" என்றேன்.

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தம் இல்லை. பிறகு, "அவர் பேர்கூட நான் கேட்டு வச்சுக்கலை மாமா" என்றான்.